வயலில் நட்ட கல்லும் தெருவில் புதைக்கும் மஞ்சள் குழாயும்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். திருமங்கலத்துக்குத் தெற்கே உங்கள் அப்பாவின் கரிசல் காட்டில் இரண்டு இடத்தில் கல் நட்டு, இயற்கை எரிவாயுக் குழாய் வரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மதுரையில் நீங்கள் குடியிருக்கும் தெருவிலோ மஞ்சள் குழாயைச் சுருள் சுருளாக இறக்கிப் பள்ளம் தோண்டுகிறார்கள். இரண்டும் ஒன்றா, வாயு எங்கிருந்து வருகிறது, நிலம் போய்விடுமா, வெடிக்குமா, சிலிண்டரை விட்டுவிடலாமா? முப்பது வருடம் குழாய்ப் பாதைகளில் வெல்டிங்கையும் பூச்சையும் பரிசோதிக்கிற வேலை பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். நிலத்தையும் மண்ணையும் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், ஏனென்றால் அதை யாரும் உங்கள் அப்பாவோடு உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

முதலில் இரண்டு குழாயையும் பிரித்துவிடுவோம். உள்ளே போவது ஒரே வாயு, பெரும்பகுதி மீத்தேன். ஆனால் காட்டில் போவது கனமான எஃகுக் குழாய். அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 90 கிலோ அளவு வரை அழுத்தம் இருக்கலாம், லாரி டயரில் அடிக்கும் காற்றைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஊர் எல்லையில் சிட்டி கேட் ஸ்டேஷன் என்று ஒன்று இருக்கும். அங்கே அழுத்தத்தைக் குறைத்து, வாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியும்படி வாடை சேர்த்து, அளந்து நகரத்துக்குள் விடுவார்கள். மீத்தேனுக்குச் சொந்த வாடை கிடையாது. நீங்கள் பார்க்கும் மஞ்சள் பாலிஎத்திலீன் குழாயில் அழுத்தம் 4 பார் அளவுதான். வீட்டுச் சுவரில் மாட்டும் ரெகுலேட்டரைத் தாண்டி அடுப்புக்கு வரும்போது 21 மில்லிபார். உங்கள் அப்பா கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு, நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு.

எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பகுதி கப்பலில். வெளிநாட்டில் வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் திரவமாகிவிடும், கொள்ளளவும் 600-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அப்படி வருவதை எண்ணூரில் இறக்கி மறுபடி வாயுவாக்குகிறார்கள். அந்த முனையம் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது, ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடியது. அங்கிருந்து கிளம்பும் குழாய்ப் பாதையின் பெயரே ஒரு பயணச்சீட்டு மாதிரி இருக்கும்: எண்ணூர், திருவள்ளூர், பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் திட்டம், மொத்தம் 1,400 கி.மீ.க்கு மேல். இதுபோக ராமநாதபுரத்தில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் நம்மூர் வாயுவும் இருக்கிறது. உங்கள் காட்டில் வரப்போவது தலைமைக் குழாயா, அதிலிருந்து பிரியும் கிளையா என்பதை நோட்டீஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நீளக் குழாயை ஒரே மூச்சில் யாரும் போடுவதில்லை, எங்கே வாயுவும் வாங்குபவரும் இருக்கிறார்களோ அங்கே முதலில் போடுவார்கள். வடக்கே எண்ணூரிலிருந்து குழாய் வந்து சேரும் முன்பே, தெற்கே ராமநாதபுரம் – தூத்துக்குடி துண்டு, 143 கி.மீ., 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ராமநாதபுரத்து வாயு இருந்தது, தூத்துக்குடியில் நாப்தா என்ற பெட்ரோலியத் திரவத்தை வைத்து உரம் செய்துகொண்டிருந்த ஸ்பிக் ஆலை இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு மே மாதம் எண்ணூர் – செங்கல்பட்டு, திருவள்ளூர் – பெங்களூரு துண்டுகள் திறப்பு விழா கண்டன. துண்டுகள் சேரச் சேரத்தான் வலையாகும். வலையாகிவிட்டால் ஒரு பக்கம் கப்பல் தாமதமானாலும் கிணறு வற்றினாலும் மறுபக்கத்திலிருந்து வாயு வரும். இந்த ஏற்பாட்டில் நடுவில் இருக்கும் ஊர் மதுரை, அதனால் நமக்கு இது நல்லதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தாமதத்துக்கு இன்னொரு காரணம் நிலம். கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போக வேண்டிய, மத்திய அரசு நிறுவனமான கெயிலின் வாயுக் குழாயை கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மேற்கு மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள். வயல் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013-ல் தமிழக அரசே சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு வந்ததால் விவசாயியின் வருத்தம் நியாயமில்லை என்று ஆகிவிடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: நெடுவாசலில் 2017-ல் மக்கள் போராடியது பூமியைத் துளைத்து ஹைட்ரோகார்பன் எடுப்பதற்கு எதிராக. உங்கள் காட்டில் எதையும் துளைத்து எடுக்கப்போவதில்லை, வாயு அந்த வழியாகக் கடந்து போகும், அவ்வளவுதான். நம் மண்ணுக்கு இது புதிதும் இல்லை. சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குப் பெட்ரோலும் டீசலும் 2005 வாக்கிலிருந்தே குழாயில்தான் வருகின்றன. மேலே உழுதுகொண்டிருக்கிற பலருக்கு அது நினைவில்கூட இருக்காது.

சரி, நிலத்துக்கு வருவோம்.

இதற்கான சட்டம் 1962-ல் வந்தது. அது நிலத்தை வாங்குவதில்லை, நிலத்தின் கீழே குழாய் வைத்துப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுக்கிறது. பட்டா உங்கள் அப்பா பெயரிலேயே இருக்கும். குழாய் ஒரு மீட்டராவது ஆழத்தில் போக வேண்டும். வீடு இருக்கிற இடத்திலும், நிரந்தரக் கட்டடம் நிற்கிற இடத்திலும் போடக் கூடாது. மேலே நெல், பருத்தி, சோளம் எல்லாம் வழக்கம்போலப் போடலாம். ஆனால் குழாய்க்காக உரிமை எடுக்கும் அந்த நிலப் பட்டையில் கட்டடம் எழுப்பக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, தொட்டி கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. சட்டம் மரத்தைத்தான் சொல்கிறது, மல்லிகை செடிதான். இருந்தாலும் மல்லி போடுகிற எண்ணம் இருந்தால் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிவிட்டு, அடுத்து வரும் அதிகாரி வேறு மாதிரிச் சொல்லும்போது முழிக்க வேண்டாம்.

பட்டையின் அகலம் 18 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் காட்டில் 100 மீட்டர் நீளத்துக்குப் போனால் 1,800 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 44 சென்ட். இந்த 44 சென்டுக்குச் சட்டம் தரச் சொல்வது அறிவிப்பு வந்த தேதியின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரம், வரப்பு சேதத்துக்குத் தனியாகத் தர வேண்டும். இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான்கு வழிச்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டை நாளைக்கு விற்க நினைத்தால், வாங்க வருபவர் அந்த 44 சென்டைக் காட்டி மொத்த விலையையும் அடித்துப் பேசுவார். காலம் முழுக்க இருக்கப்போகிற ஒரு தடைக்கு ஒரே ஒருமுறை பத்தில் ஒரு பங்கு என்பது குறைவு. குழாய் வேண்டும் என்று சொல்கிற நானே இதைச் சொல்கிறேன். வயலில் போகும் மீட்டர் ஒவ்வொன்றுக்கும் ஆண்டு வாடகைபோல ஒரு தொகை வந்துகொண்டிருந்தால் பாதி எதிர்ப்பு தானாகவே அடங்கிவிடும்.

அப்பா செய்ய வேண்டியது: அரசிதழ் அறிவிப்பு வந்த தேதியைக் குறித்துவைக்கட்டும். அதிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கலாம், நேரில் சொல்லவும் உரிமை உண்டு. "வேண்டவே வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. கிணறு எங்கே இருக்கிறது, போர் எங்கே, பழைய பைப்லைன் எங்கே, தடத்தை எந்த வரப்பு ஓரமாக நகர்த்தினால் காடு இரண்டாகப் பிளக்காமல் இருக்கும் என்று புலப்படத்தில் வரைந்து கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு. தடம் சில மீட்டர் நகர்ந்ததை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். சேத மதிப்பீட்டுக்கு முன்னால் நிற்கும் பயிரையும் ஒவ்வொரு மரத்தையும் செல்போனில் படம் எடுத்துவைக்கட்டும்.

அப்புறம் மண். மேலூர்ப் பக்கம் பாறை. அங்கே பள்ளத்தின் அடியில் கூர்மையான கல் கிடந்தால் துருப்பிடிக்காமல் குழாய்க்கு மேலே போட்ட பூச்சைக் கிழித்துவிடும். உங்கள் பக்கம் கரிசல், அதன் குணம் வேறு. சித்திரை, வைகாசியில் கை நுழைகிற அளவு வெடித்துப் பிளக்கும். மழை பெய்தால் ஊதிக்கொண்டு குழாயை இறுகப் பிடிக்கும். இப்படி வருடா வருடம் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு, பூச்சை இழுத்துச் சுருக்கிவிடும். ஈரக் கரிசலில் மின்சாரம் எளிதாக ஓடும், அதனால் எஃகு துருப்பிடிப்பதும் வேகம். ஆகவே இந்த மண்ணில் குழாயைச் சுற்றி மணல் மெத்தை வேண்டும். தோண்டிய கட்டியையே மேலே தள்ளி மூடுவது குற்றம் என்றே நான் சொல்வேன். குழாய் இறக்கும் அன்று அப்பா பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பித்தளைச் சுருள் ஒன்றைக் குழாயைச் சுற்றி மாட்டி மெதுவாக உருட்டிக்கொண்டு போவார்கள், ஹாலிடே டெஸ்ட் என்பார்கள். அதில் உயர் மின்னழுத்தம் ஓடும். பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் 'டப்' என்று நீலப் பொறி தெறித்து மணி அடிக்கும். அந்த இடத்தில் வேலையை நிறுத்தி, சாக்பீஸால் வட்டம் போட்டு, ஒட்டுப்போட்டு, மறுபடி உருட்டிப் பார்க்க வேண்டும். மணி அடித்தும் நிற்காமல் போனால் அங்கேயே கேட்கலாம்.

என் வேலையில் மறக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் குழாய், யாருடையது என்பது இங்கே வேண்டாம். இதேபோல ஒரு கரிசல் ஊரில் பள்ளம் தோண்டும்போது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, கண்மாய் பெருகினா மறுகால் இந்த வழியாத்தான் பாயும், நீங்க தோண்டுறது தண்ணி போற தடம்" என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டு மேலே சொன்னேன். வரைபடத்தில் ஓடை எதுவும் இல்லையே என்றார்கள். உண்மைதான், அந்தக் கண்மாய் பத்து வருடமாக நிறையவே இல்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அந்த ஐப்பசியில் நிறைந்தது. நாங்கள் போய்ப் பார்த்தபோது நாற்பது அடி நீளத்துக்குக் குழாய் வெளியே தெரிந்தது. அடியில் மண்ணே இல்லை, செத்தையும் வேலிமுள்ளும் அதன்மேல் தொங்கிக்கொண்டிருந்தன. நல்லவேளை, இன்னும் வாயு விடவில்லை. வாயுக் குழாய் தண்ணீருக்குள் இருந்தால் மிதக்கப் பார்க்கும், உள்ளே கனம் கிடையாதே. அதனால் நீர்வழி என்று தெரிந்த இடத்தில் ஆழமாக இறக்கி, கனத்துக்குக் கான்கிரீட் போர்வை போட வேண்டும். அதை முதலிலேயே செய்யாமல் இரண்டாவது முறை தோண்டிச் செய்தோம். உங்கள் காட்டில் மறுகால் தடம், பழைய ஓடை, தூர்ந்த கிணறு எது இருந்தாலும் அப்பா அதைக் கையெழுத்துப் போட்ட கடிதமாகவே கொடுக்கட்டும்.

வெடிக்குமா என்று கேட்டீர்கள். வெடித்திருக்கிறது. 2014 ஜூன் 27-ஆம் தேதி விடியற்காலையில் ஆந்திரத்தின் நகரம் என்ற கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். வறண்ட வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈரப்பசையுள்ள வாயு ஓடியது. அடியில் தேங்கிய திரவம் உள்ளிருந்தே இரும்பை அரித்துவிட்டது. விரிவாக்கம், நவீனப்படுத்தல் என்று பேசும்போது புதுக் குழாய் எத்தனை கிலோமீட்டர் என்றுதான் செய்தி வருகிறது. நாட்டில் சுமார் 25,000 கி.மீ. குழாய் ஓடுகிறது, அதில் பழையதும் நிறைய. நவீனம் என்றால் என்னைப் பொறுத்தவரை பழைய குழாயின் உடம்பு எப்படி இருக்கிறது என்று இன்றைக்குத் தெரிந்திருப்பதுதான். காந்தப்புலத்தை வைத்து எஃகின் கனம் எங்கே குறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே குழாய்க்குள் பயணம் போகும் கருவிகள் இருக்கின்றன. குழாயோடு புதைத்த கண்ணாடி இழைக் கேபிள் வழியாக அழுத்தம் குறைவது கட்டுப்பாட்டு அறைக்கு உடனே தெரியும், வால்வைத் தூரத்திலிருந்தே மூடலாம். துருவைத் தடுக்கக் குழாயில் சிறு மின்சாரம் விட்டுவைப்பார்கள். கம்பம் ஒன்றில் கம்பியைத் தொட்டு அளந்தால் மைனஸ் 0.85 வோல்ட்டாவது இருக்க வேண்டும். அந்தக் கம்பம் உங்கள் காட்டோரம் வந்தால் மாடு கட்டுவதற்குப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரையைச் சுற்றி எனக்கு இருக்கும் பெரிய கவலை பிளாட்டு. குழாயின் எஃகு எவ்வளவு கனம் என்பதைச் சுற்றிலும் எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணித்தான் முடிவு செய்வார்கள். குழாயின் இருபுறமும் 200 மீட்டர், நீளம் 1.6 கி.மீ. அந்தப் பட்டைக்குள் பத்து வீட்டுக்குள் இருந்தால் முதல் வகுப்பு. 46-ஐத் தொட்டால் மூன்றாவது வகுப்பு, அதற்கு அதிகக் கனமான குழாய் வேண்டும், அடைப்பு வால்வுகளும் நெருக்கமாக வேண்டும். ஆள் இல்லாத காட்டில் 32 கி.மீ.க்கு ஒரு வால்வு போதும், அடுக்குமாடி நெருங்கிய இடத்தில் 8 கி.மீ.க்கு ஒன்று. ஆனால் நம் ஊரில் என்ன நடக்கிறது? இன்றைக்குச் சோளம் நிற்கும் காட்டில் ஐந்து வருடத்தில் வெள்ளைக் கல் நட்டு, ஆர்ச் வைத்து, நகர் என்று பெயர் போட்டுவிடுகிறார்கள். முதல் வகுப்புக் கனத்தில் போட்ட குழாய் மூன்றாம் வகுப்பு ஊருக்கு அடியில் கிடக்கும். ஆகவே கப்பலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, கருப்பாயூரணி என்று ஊர் வளரும் திசையில் எல்லாம் இன்றைய வீட்டுக் கணக்கை விட்டுவிட்டு, இருபது வருடம் கழித்து இருக்கப்போகும் கணக்கில் கனத்தைப் போட வேண்டும். கூடுதல் செலவு எஃகு வாங்கும்போது மட்டும்தான். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிறவர் மேசையில் குழாயின் தடம் இருக்க வேண்டும், இதுவும் அவ்வளவே முக்கியம்.

இனி உங்கள் தெரு. மஞ்சள் குழாய்க்கு எமன் ஜேசிபிதான். முல்லைப் பெரியாறு குடிநீர், பாதாளச் சாக்கடை, மின்கேபிள் என்று மதுரைத் தெருவை யாராவது ஒருவர் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். குழாய்க்கு மேலே ஓரடி உயரத்தில் எச்சரிக்கை நாடா புதைக்கிறார்களா என்று பாருங்கள். தோண்டும் முன் சொல்லிவிட்டுத் தோண்டுவதற்கென்றே 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் கொண்டுவந்தது. ஒப்பந்ததாரர் அதைப் பயன்படுத்தினாரா என்று உங்கள் வார்டு கவுன்சிலர் கேட்கலாம்.

அடுப்பைப் பொறுத்தவரை, சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படுத்துக்கொள்ளும். குழாய் வாயு காற்றில் பாதி கனம்தான், மேலே ஏறிப் போய்விடும். அதனால் சமையலறையில் மேலே, கூரையை ஒட்டி ஒரு திறப்பு கட்டாயம் வேண்டும். மாசி வீதிகளின் பின்சந்தில் ஓட்டல்காரர்கள் 19 கிலோ சிலிண்டரை வரிசையாக அடுக்கி, பக்கத்திலேயே சாக்கடை ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். குழாய் வந்தால் அந்த அடுக்கு போய்விடும், அதுவே பெரிய நிம்மதி. ஆனால் சிலிண்டர் அடுப்பை அப்படியே இணைக்க முடியாது. இந்த வாயுவின் சூடு, கனஅளவுக்குக் கணக்கிட்டால் குறைவு, அதனால் பர்னருக்குக் கீழே இருக்கும் ஜெட்டைப் பெரிய துளையுள்ளதாக மாற்ற வேண்டும். வந்து மாற்றிக் கொடுப்பவரிடம் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டச் சொல்லுங்கள், குமிழி வரக் கூடாது. பரோட்டாக் கல் வைக்கிறவர்கள் ஜெட்டைச் சரியாக மாற்றவில்லை என்றால் கல் சூடேறவில்லை என்று வாயுவைக் குறை சொல்வார்கள்.

லாபமா என்றால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றின் சூடு ஏறத்தாழ 17 கன மீட்டர் குழாய் வாயுவுக்குச் சமம். உங்கள் பகுதியில் ஒரு கன மீட்டர் என்ன விலையோ அதை 17-ஆல் பெருக்கி, சிலிண்டர் விலையோடு வைத்துப் பாருங்கள். முன்பணம், இணைப்புக் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கும் வண்டிக்கும் உள்நாட்டு வாயுவில் முன்னுரிமை உண்டு, அதன் விலையும் 2023 ஏப்ரல் முதல் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் என்று கணக்கிட்டு ஒரு மேல் வரம்புக்குள் வைக்கப்படுகிறது.

தொழிற்சாலைக்கு அந்த முன்னுரிமை கிடையாது. கப்பலூர் சிட்கோவில் பட்டறை வைத்திருக்கும் உங்கள் மாமாவும் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கப்பலில் வந்த வாயு, அதன் விலை உலகச் சந்தையோடு ஆடும். 2022-ல் உக்ரைன் போரின்போது விலை எகிறியதும் குஜராத்தின் மோர்பி டைல்ஸ் ஆலைகள் பல புரொப்பேனுக்கு மாறிக்கொண்டன. இயற்கை எரிவாயு இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, கட்டிய வாட் வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. மாமா இரண்டு எரிபொருளிலும் ஓடும் பர்னராகப் பார்த்து வாங்கட்டும், பழைய ஏற்பாட்டை ஒரு வருடமாவது பிரிக்க வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய், நட்ட கல்லிலிருந்து கிணறு எத்தனை மீட்டர், போர் எத்தனை மீட்டர் என்று அளந்து, புலப்பட நகலில் குறித்து அனுப்புங்கள். மறுகால் எந்தப் பக்கம் பாயும் என்று அப்பாவைக் கேட்டு அதையும் ஒரு கோடாக வரையுங்கள். ஆட்சேபணைக் கடிதத்தை நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.